பின் வரிசை ஆஜர்

எங்கள் தெருவில் என் அண்ணனுக்குத் ‘தலை எண்ணி’ என்று பெயர். வைத்தது எதிர்வீட்டுத் தையற்காரராகத்தான் இருக்க வேண்டும். அவருக்கு ஊசியைவிட வாய் கூர்மை. தினமும் காலை ஏழே முக்காலுக்கு அண்ணன் வேலைக்குக் கிளம்புவதை மெஷினில் உட்கார்ந்தபடியே வேடிக்கை பார்ப்பார்.

பார்க்கும்படியாகத்தான் இருக்கும். எட்டுப் பேர் உட்காரும் கறுப்பு வண்டி, எங்கள் காம்பவுண்டுச் சுவரைவிட ஒரு முழம் உயரம். அதில் போகிறவன் ஒரே ஒருவன். அந்த ஒருவன் ஏறுவதற்கு முன்னால் எல்லாக் கதவுகளையும் திறப்பான். முன்சீட்டு இரண்டையும் தொடுவான். நடுவரிசையில் மூன்று சீட்டையும் தொடுவான். ஓரத்துச் சீட்டை மடக்கிவிட்டு, தலையை உள்ளே நுழைத்து, பின்வரிசை மூன்றையும் ஒவ்வொன்றாகத் தொடுவான். அப்புறம் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, கீழே குனிந்தும் பார்ப்பான். அதற்குப் பிறகுதான் சாவி.

“ஆளே இல்லாத வண்டியில யாரைம்மா தேடுறாரு உங்க அண்ணன்?” என்று தையற்காரர் ஒருமுறை என்னிடம் கேட்டார்.

“மூக்குக் கண்ணாடியைத் தேடுறாருங்க” என்றேன்.

அண்ணன் மூக்குக் கண்ணாடி போடுவதே இல்லை. எனக்குப் பொய் அப்படித்தான், கேட்ட மாத்திரத்தில் வாயில் வந்து நிற்கும். ‘நுணலும் தன் வாயால் கெடும்’ என்று அம்மா என்னைத் திட்டாத நாள் கிடையாது. நான் என் வாயால் கெடவில்லை. என் வாயால் கெட்டது வேறு ஆட்கள்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். பதினெட்டு வயதில் ஒரு லிஃப்ட் கம்பெனியில் சேர்ந்தான். “உங்க வீட்டுக்காரர் இதுவரைக்கும் எத்தனை பேரை மேல அனுப்பியிருக்காரு, கணக்கு இருக்கா?” என்று கேட்டு, புதிதாகக் கல்யாணமாகி வந்த அண்ணியைப் பயமுறுத்துவது எனக்கு ஒரு பொழுதுபோக்கு.

அந்த வேலையில் ஒரு வழக்கம் இருந்தது. லிஃப்ட்டுக்கு அடியில், தரைக்கும் கீழே, ஒரு குழி இருக்கும். ஒருவன் குழிக்குள் இறங்கி வேலை பார்ப்பான். இன்னொருவன் மாடி உச்சியில் மோட்டார் அறையில் சுவிட்ச் பக்கத்தில் நிற்பான். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. குரல் மட்டும்தான். மேலே இருப்பவன் “ஏறியாச்சா?” என்று கத்துவான். குழியைவிட்டு ஏறி வெளியே வந்தவன் “ஏறியாச்சு” என்று கத்துவான். அது காதில் விழுந்தால்தான் சுவிட்சில் கை வைக்கலாம். குழியில் இரண்டு பேர் என்றால் இரண்டு பதில் வரவேண்டும். அண்ணன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவன் அவசரத்தில் “ரெண்டு பேரும் ஏறியாச்சு” என்று இன்னொருவனுக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டான். அந்த இன்னொருவன் ஏறவில்லை. அன்றைக்கு நசுங்கிப்போன அவன் காலைப் பற்றி அண்ணன் வீட்டில் ஒரே ஒரு தடவைதான் பேசினான். “பதில் அவங்கவங்க வாயாலதான் வரணும்” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போனான்.

அவன் அந்தப் பெரிய வண்டியை வாங்கியது ஜம்பத்துக்காக இல்லை. அப்போது நாங்கள் ஆறு பேர்: அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, அவர்கள் மகள் பாப்பா, நான். இருந்தது ஒரு சின்னக் கார். எங்கே கிளம்பினாலும் நாலு பேர் காரில், இரண்டு பேர் பஸ்ஸில். ஒருநாள் பெரியப்பா வீட்டுக்குப் போகும்போது, பஸ்ஸில் வந்த அப்பாவும் நானும் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கித் தொலைத்தோம். கொட்டுகிற மழை. அண்ணன் இரண்டு மணி நேரம் தேடி எங்களைக் கண்டுபிடித்தான். வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னான்.

“இனிமே எங்க போனாலும் எல்லாரும் ஒரே வண்டியிலதான். யாரும் யாரையும் தேட வேணாம்.”

ஆறு மாதத்தில் வண்டி வந்து நின்றது. யாரோ ஒரு ஓட்டல் முதலாளி ஓட்டி அலுத்துப்போனது. அண்ணன் ஐந்தடி மூன்று அங்குலம். சீட்டில் ஒரு தலையணை போட்டு உட்கார்ந்தால்தான் முன்னால் ரோடு தெரியும். அப்போதும் வண்டியின் மூக்குக்குக் கீழே ஒரு ஆள் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தால் தெரியாது. “குருவி தலையில பனங்காய்” என்றாள் அம்மா. “யானையைக் கட்டித் தீனி போட முடியுமாடா உன்னால?” என்றார் அப்பா. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அண்ணன் அதைத் துடைத்துக்கொண்டே இருந்ததைப் பார்த்து அண்ணி அதற்குச் ‘சின்ன வீடு’ என்று பெயர் வைத்தாள். “அளவுலதான் பெருசு. மத்தபடி சின்ன வீடேதான். சாப்பாட்டு நேரத்துக்குக்கூட வீட்டுக்குள்ள வர்றதில்ல பாரு” என்பாள்.

ஆறு பேருக்கு எட்டு சீட்டு. மிச்சம் இரண்டில் ஒன்று பாப்பாவுக்குப் பிறகு வரப்போகிற பிள்ளைக்கு, இன்னொன்று எனக்கு வரப்போகிற வீட்டுக்காரருக்கு என்று அண்ணன் பங்கு பிரித்து வைத்திருந்தான். “அந்த மனுஷன் உயரமா இருந்தா என்னடா பண்ணுவே?” என்று அம்மா கேட்டால், “அதுக்குத்தானேம்மா இவ்ளோ பெரிய வண்டி” என்பான். எங்கள் வீட்டில் அவ்வளவு சந்தோஷம் அதற்கு முன்னாலும் இருந்ததில்லை, பின்னாலும் இல்லை.

வண்டிக்குள் உட்கார்ந்தால் முதுகுச் சாய்மானங்கள் ஒவ்வொன்றும் சுவர் மாதிரி நிற்கும். கண்ணாடியில் பார்த்தால் நடுவரிசையே பாதிதான் தெரியும், பின்வரிசை தெரியவே தெரியாது. அதனால் அண்ணன் குழி வேலையின் வழக்கத்தை வண்டிக்குள் கொண்டுவந்தான். கியர் போடுவதற்கு முன், திரும்பிப் பார்க்காமல், சத்தமாகக் கேட்பான்.

“முன்னாடி ஏறியாச்சா?”

“ஏறியாச்சு” என்பாள் அண்ணி.

“நடுவுல?”

“ஏறியாச்சுப்பா.” இது அம்மா. அம்மாவுக்கு வலது காது அப்போதே மந்தம், அதனால் பாப்பா அவளைக் கிள்ளித்தான் பதில் சொல்லவைக்க வேண்டும். “நானும் ஏறியாச்சு!” என்று பாப்பா அலறுவாள்.

“பின்னாடி?”

பின்வரிசை அப்பாவும் நானும். அப்பா மட்டும் ‘ஏறியாச்சு’ என்று சொல்லவே மாட்டார். “ஆ…ஜர்!” என்பார்.

அப்பாவுக்கு நீதிமன்ற வாசலில் நின்று பெயர் கூப்பிடும் வேலை. முப்பத்து நாலு வருடம் கூப்பிட்டார். ஒரு பெயரை மூன்று தரம் கூப்பிட வேண்டும். மூன்றாவது தரமும் ஆள் வரவில்லை என்றால்தான் ‘ஆஜராகவில்லை’ என்று எழுதுவார்கள். அப்பா அந்த மூன்றாவது தரத்தை மட்டும் மூச்சுப் பிடித்து இழுத்துக் கூப்பிடுவாராம். “பாவம், எவனாவது ஒண்ணுக்குப் போயிருப்பான். ஓடி வரட்டும்னுதான்” என்பார். நாங்கள் பெரிய வண்டியில் போக ஆரம்பித்த காலத்தில் அவருக்கு ஞாபகம் அங்கங்கே அறுந்துபோக ஆரம்பித்திருந்தது. காலையில் சாப்பிட்டது மறந்துவிடும். குரல் மட்டும் அப்படியே இருந்தது, தொண்டைக்கும் கீழே எங்கேயோ இருந்து கிளம்பி வருகிற குரல்.

அந்த ‘ஆஜரை’ நான் அப்பா மாதிரியே சொல்லுவேன். பல் டாக்டர் கிளினிக்கில் போன் எடுக்கிற வேலை எனக்கு. நாள் முழுக்க விதவிதமான குரல்களைக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து எல்லாரையும் போலப் பேசிக்காட்டுவேன். அப்பா குரலுக்குத்தான் பாப்பா விழுந்து விழுந்து சிரிப்பாள். அப்பாவே சிரிப்பார். வண்டியில் மட்டும் அந்த விளையாட்டு கூடாது என்று அண்ணன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். நானும் சொன்னதில்லை, அந்த ஒரு நாள் தவிர.

கடற்கரை ஊரில் இரண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். பாப்பாவுக்கு வயிறு சரியில்லை. வழியெல்லாம் வாந்தி. அதனால் நான் பின்வரிசையை விட்டு நடுவரிசைக்கு வந்து, அவளை நடுவில் போட்டுக்கொண்டேன். அந்தப் பக்கம் அம்மா. பின்வரிசையில் பைகளுக்கு நடுவே அப்பா மட்டும்.

நல்ல வெயிலில் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினோம். எல்லாரும் இறங்கினோம். அண்ணன் அப்பாவைக் கழிப்பறைவரை கொண்டுபோய் விட்டான். “நீ போடா, நான் என்ன குழந்தையா, வர்றேன்” என்று அப்பா சொன்னாராம். அண்ணன் டயருக்குக் காற்றுப் பார்க்கப் போனான். நானும் அம்மாவும் பாப்பாவுக்கு முகம் கழுவி, சட்டை மாற்றி, அழ அழத் தூக்கிவந்து வண்டியில் போட்டோம். பின்வரிசைக்குப் போக வேண்டுமானால் அம்மா பக்கத்துச் சீட்டை மடக்க வேண்டும். தான் வருவதற்கு முன்னாலேயே அவர் ஏறிவிட்டார் என்று அம்மா நினைத்தாள். நான் நினைக்கக்கூட இல்லை.

“முன்னாடி ஏறியாச்சா?”

அண்ணி பெல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டே “ஏறியாச்சு” என்றாள்.

“நடுவுல?”

“ஏறியாச்சு” என்றேன் நான். அம்மாவும் சொன்னாள். பாப்பா அழுகையிலேயே தலையாட்டினாள்.

“பின்னாடி?”

ஒரு நொடி சத்தமில்லை. அப்பா தூங்கியிருப்பார் என்று நினைத்தேன். பாப்பா மூக்கு ஒழுக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைச் சிரிக்கவைத்துவிட வேண்டும் என்று ஒரு ஆசை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, தொண்டையைத் தாழ்த்தி, “ஆ…ஜர்!” என்றேன்.

பாப்பா சிரித்தாள். வண்டி கிளம்பியது.

முப்பத்தைந்து நிமிடம் கழித்து அம்மா, “அப்பாவுக்கு மாத்திரை நேரம்” என்று தண்ணீர் பாட்டிலைப் பின்பக்கம் நீட்டினாள். “என்னங்க… என்னங்க” என்றாள். நான் முட்டி போட்டு எழுந்து திரும்பிப் பார்த்தேன். பைகள் இருந்தன. அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் அவருடைய வெயில் தொப்பி இருந்தது.

நடுவில் தடுப்புச் சுவர் உள்ள சாலை. திரும்புவதற்கே இன்னும் பதினாலு கிலோமீட்டர் முன்னால் போக வேண்டியிருந்தது. அப்பாவை விட்டு இன்னும் விலகி, இன்னும் விலகி, பதினாலு கிலோமீட்டர். அண்ணனின் பின்கழுத்து மட்டும் எனக்குத் தெரிந்தது. அம்மா “வேகமாப் போடா” என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அதைச் சொல்வதையும் நிறுத்திவிட்டாள்.

பங்கில் வேலை பார்க்கிறவர் எங்களைப் பார்த்ததும் ஓடிவந்தார். “அந்தப் பெரியவர் உங்க வண்டி பின்னாலேயே ஓடினாருங்க. கையை ஆட்டிக்கிட்டே ஓடினாரு. நாங்க எவ்ளோ கூப்பிட்டும் நிக்கல.”

மூன்று கிலோமீட்டர் தள்ளிக் கிடைத்தார். ஊர்ப் பெயர்ப் பலகையின் கம்பத்து நிழலில், கை அகல நிழல் அது, அதில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். ஒரு காலில் செருப்பு இல்லை. உதடு வெடித்திருந்தது. அண்ணன் குதித்து இறங்கி அவர் முன்னால் மண்டியிட்டான். அப்பா அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “போயிட்டீங்களேடா” என்றார்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வெயில் உள்ளே இறங்கிவிட்டது என்றார்கள், சிறுநீரகம் என்றார்கள். அன்று சாயங்காலம் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அண்ணிதான் ஆரம்பித்தாள்.

“மாமா ஆஜர்னு சொன்னாரே. என் காதால கேட்டேனே.”

“எனக்கும் சத்தம் கேட்டுச்சு” என்றாள் அம்மா. “ஏறிட்டு, மறுபடி இறங்கிட்டாரோ என்னவோ. அவருக்குத்தான் இப்பல்லாம் ஒண்ணும் நினைப்பில்லையே.”

அப்போது பாப்பா சொன்னாள், “தாத்தா சொல்லல. அத்தைதான் சொன்னாங்க. தாத்தா மாதிரி.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். “நீயாடி சொன்னே?” என்றாள் அம்மா.

உண்மை சொல்ல ஒரு நொடி போதும். எனக்கு அந்த ஒரு நொடியில் பொய்தான் வந்தது.

“இல்லம்மா. அது போன வாரம் வீட்ல விளையாடினப்ப சொன்னது. குழந்தை குழப்பிக்குது.”

“இல்ல, இன்னைக்குத்தான் சொன்னீங்க!” என்றாள் பாப்பா.

அண்ணி அவளை ஓங்கி ஓர் அறை அறைந்தாள். “தாத்தா இப்படிக் கிடக்கறப்ப பொய் சொல்லுவியா நீ?” ஐந்து வயசுக் குழந்தை. உடனே அழவில்லை. என்னைத்தான் பார்த்தாள், நான் ஏதாவது சொல்வேன் என்று. நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் தண்ணீர்க் குழாயடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். வந்து பாப்பாவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். “குழந்தையை அடிக்காத” என்றான். “நான்தான் இறங்கிப் பாக்கல. இதுக்கு மேல யாரும் எதுவும் பேச வேணாம்.”

ஐந்தாம் நாள் அப்பாவுக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. அண்ணன் கரண்டியில் தண்ணீர் எடுத்து அவர் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தான். அப்பா கண்ணைத் திறந்து கேட்டார்.

“மூணு தரம் கூப்பிட்டியாடா?”

அண்ணன் கை நின்றுவிட்டது. “இல்லப்பா. ஒரு தரம்தான் கூப்பிட்டேன்.”

“மூணு தரம் கூப்பிடணும்” என்றார் அப்பா. கோபமே இல்லை. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவனுக்குச் சொல்லிக்கொடுப்பது போலச் சொன்னார். பத்தொன்பதாம் நாள் போய்விட்டார்.

துக்கத்துக்கு வந்த பெரியப்பா நடுவீட்டில் நின்று, எல்லார் காதிலும் விழும்படி, “எட்டு சீட்டு வண்டி வாங்கினவனுக்குப் பெத்த அப்பனை உக்காரவைக்க ஒரு சீட்டு இல்லாமப் போச்சு” என்றார். அண்ணன் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தான், அதையே தொடர்ந்து செய்தான். எனக்கு வாயைத் திறந்து கத்த வேண்டும் போலிருந்தது. திறக்கவில்லை. ‘ஏறிட்டு மறுபடி இறங்கிட்டார்’ என்ற கதையை அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். செத்துப்போன அப்பா தலையில் பாதிப் பழி, உயிரோடு இருக்கிற அண்ணன் தலையில் மீதிப் பாதி. எனக்கு ஒரு தூசும் ஒட்டவில்லை.

அதற்குப் பிறகு அண்ணன் குரலை நம்புவதை விட்டுவிட்டான். ஒன்பது மாடி உச்சியில் நிற்பான்; கீழேயிருந்து “ஏறியாச்சு” என்று பதில் வரும்; இவன் சுவிட்சைப் போடமாட்டான். ஒன்பது மாடியும் இறங்கி வந்து, ஆள் வெளியே நிற்கிறானா என்று கண்ணால் பார்த்து, தோளைத் தொட்டுவிட்டு, மறுபடி ஒன்பது மாடி ஏறுவான். ஒரு மணி நேர வேலை அரை நாள் ஆயிற்று. கூட வேலை செய்கிறவர்கள் முதலில் பரிதாபப்பட்டார்கள், அப்புறம் சிரித்தார்கள், அப்புறம் இவனோடு போக மாட்டோம் என்றார்கள். கம்பெனி அவனைச் சாமான் அறைக்கு மாற்றியது. உச்சியில் நின்று ஊரைப் பார்த்தவன், ஜன்னல் இல்லாத அறையில் நட்டும் போல்ட்டும் எடுத்துக்கொடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

வண்டியை விற்றுவிடச் சொல்லாத ஆள் இல்லை. “இருக்கட்டும்” என்பான். ஆனால் யாரையும் ஏறச் சொல்லவும் மாட்டான். அம்மா சாகும்வரை அதில் கால் வைக்கவில்லை. அண்ணி ஸ்கூட்டர் வாங்கிக்கொண்டாள். இரண்டாவது பிள்ளைப் பேச்சு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. எட்டாவது சீட்டுக்கு ஆள் தேடும் பேச்சு எப்போது நின்றது என்று தெரியும். வந்த வரன்களையெல்லாம் நான்தான் தட்டிக்கழித்தேன். யாரோ ஒரு நல்ல மனுஷனோடு படுத்து எழுந்து, ஒருநாள் அசந்த நேரத்தில் இதைச் சொல்லிவிடுவேன் என்ற பயம். அன்றிலிருந்து யார் குரலிலும் பேசிக்காட்டுவதில்லை.

எல்லாவற்றையும்விடப் பாப்பாதான். அவள் எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு அத்தாட்சி வைத்திருப்பாள். பள்ளிக்கூடத்திலிருந்து தாமதமாக வந்தால் டீச்சரிடம் எழுதி வாங்கி வருவாள். “நான் பாத்தேன்” என்று சொல்லவே மாட்டாள். “பாத்த மாதிரி இருந்துச்சு” என்பாள். பதினைந்து வயதில் ஒருநாள் எனக்குத் தலை பின்னிக்கொண்டே, “எனக்கு ஞாபகமெல்லாம் சரியா இருக்காது அத்தை. சின்னப்பவே நடக்காததெல்லாம் சொல்லுவேனாம், அம்மா சொல்லியிருக்காங்க” என்றாள், சிரித்துக்கொண்டே. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அந்த மறுநாள் ஒரு வருடம் வரவே இல்லை.

போன மாதம் வண்டியின் இன்ஜின் கையை விரித்துவிட்டது. மெக்கானிக், “இதுக்கு மேல இதுல கை வைக்க முடியாதுங்க. உடைக்கிற இடத்துக்குத்தான் போகணும். மெதுவா ஓட்டிக்கிட்டுப் போனா அதுவரைக்கும் போகும்” என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் கிளம்பினான். வழக்கம்போல எல்லாக் கதவையும் திறந்து, எட்டு சீட்டையும் தொட்டான். பாப்பா கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். தையற்காரர் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்.

“நானும் வர்றேன்” என்றேன்.

அண்ணன் என்னைப் பார்த்தான். வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் சீட்டை மடக்கிப் பின்வரிசைக்குப் போய் அப்பாவின் இடத்தில் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் யாருமே தெரியவில்லை, சாய்மானங்கள்தான் தெரிந்தன. நான் பக்கத்தில் இல்லாத அந்த ஒரு நாள் அப்பா வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் வந்தார் என்று அப்போதுதான் உறைத்தது.

அண்ணன் சாவியைத் திருப்பவில்லை. பிறகு, பதினோரு வருடம் கழித்து, கூப்பிட்டான்.

“பின்னாடி ஏறியாச்சா?”

நான் சீட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

“பின்னாடி?”

பதில் சொல்ல வாயைத் திறந்தால் அப்பா குரல் வந்துவிடுமோ என்று நடுங்கினேன்.

மூன்றாவது தரம் அவன் இழுத்துக் கூப்பிட்டான், மூச்சுப் பிடித்து, ஆள் ஓடி வரட்டும் என்பது போல. “பின்…னாடி?”

“அண்ணா, அன்னைக்குச் சொன்னது நான்தான்.”

சாய்மானங்களுக்கு அந்தப் பக்கமிருந்து அவன் குரல் மட்டும் வந்தது. “தெரியும்.”

“எப்படித் தெரியும்?”

“குரல் பின்னாடியிருந்து வரல. நடுவுல இருந்து வந்துச்சு. எந்த மாடியில நின்னு கத்துறாங்கன்னு காதாலயே கண்டுபிடிச்சுப் பொழச்சவன் நான். நீ சொன்ன உடனேயே தெரியும்.”

“தெரிஞ்சுமா கிளம்பினே?”

“தெரிஞ்சுதான் கிளம்பினேன். அப்பா தூங்கறாரு, நீ பாப்பாவைச் சிரிக்கவைக்கறேன்னு நினைச்சேன். எனக்கும் சிரிப்பு வந்துச்சு. சிரிச்சுக்கிட்டேதான் கியர் போட்டேன்.”

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நடுவரிசைச் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பதினோரு வருடமாக என் பாவத்தை இவன் சுமக்கிறான் என்று நினைத்து வெந்துகொண்டிருந்தேன். அவனுடையதையும் சேர்த்துத்தான் சுமந்திருக்கிறான். நான் சொன்னதால் அதில் ஒரு குன்றிமணி எடைகூடக் குறையவில்லை.

“ஏன் என்னைக் கேக்கவே இல்ல?” என்றேன்.

“பதில் அவங்கவங்க வாயாலதான் வரணும்” என்றான். கதவைத் திறந்துகொண்டே, “கூப்பிட்டு, நீ மறுபடி இல்லன்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு பயம் வேற” என்றான்.

இறங்கி வந்து, நடுவரிசைக் கதவைத் திறந்து, சீட்டை மடக்கினான். உள்ளே நுழைந்து, தினமும் சீட்டைத் தொடுவது போல என் தலையைத் தொட்டான். “போ” என்றான். “கேட் பக்கத்துல ஒருத்தி நிக்கறா. அவளுக்கும் சொல்லிட்டு வா. நான் இருக்கேன்.”

பாப்பா கேட்டில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். பதினாறு வயது, என்னைவிட உயரம். நான் அழுதிருப்பதைப் பார்த்துவிட்டு, “என்ன அத்தை, வண்டி போகுதுன்னா?” என்றாள். நான் சொன்னேன். பெட்ரோல் பங்க், வாந்தி, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியது, ஆஜர், ஆஸ்பத்திரி பெஞ்சு, அவள் வாங்கிய அறை, எல்லாம் சொன்னேன். கண்ணை எடுக்காமல் கேட்டாள். என்னை அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்தால் தேவலை என்றிருந்தது.

அவள் தாத்தாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சின்னக் குழந்தை மாதிரி உதடு நடுங்க, “அப்ப நான் பொய் சொல்லலையா அத்தை?” என்றாள்.